சாரலை நம்பிய வேலி

ஆனி பிறந்து மேற்கே மேகம் இறங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று சேதி வந்த வாரமே நர்சரிகளில் கூட்டம் சேர்ந்துவிடும். வெயில் தணிந்திருக்கிறது, முகத்தில் சாரல் தெறிக்கிறது, மரம் வைக்க இதைவிட நல்ல நேரம் ஏது என்று எவருக்கும் தோன்றும். வீட்டைச் சுற்றி, தோப்பைச் சுற்றி, பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி மூன்றடிக்கு ஒன்றாக நெட்டிலிங்கக் கன்றுகள் வரிசை கட்டும். பலர் அதை அசோகா என்பார்கள். உண்மையான அசோக மரம் வேறு. எந்தப் பேரில் அழைத்தாலும் ஆசை ஒன்றுதான்: வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் ஓர் உயரமான வேலி.

ஆவணிக் கடைசியில் அதே வரிசையைப் போய்ப் பாருங்கள். மேற்கைப் பார்த்த இலைகள் நுனியிலிருந்து கருகி, காப்பித்தூள் நிறத்தில் நிற்கும். தொட்டால் அப்பளம்போல் நொறுங்கும்.

பாவூர்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படி ஒரு வரிசையின் முன்னால் நின்றேன். தோட்டக்காரர் என்னைவிட மூத்தவர். முகத்தில் வருத்தம் அப்பியிருந்தது.

“தெனமும் தண்ணி ஊத்துனோம் தம்பி. சாரல் வேற விடாம அடிச்சுது. பெறகு எப்படிக் கருகுச்சு?”

“ஒரு கன்றைத் தோண்டிப் பார்ப்போமா அண்ணாச்சி?” என்றேன்.

மண்வெட்டி போட்டோம். மேல்மண் கறுத்து ஈரமாக இருந்தது. அந்த ஈரம் ஒரு விரல்கடை ஆழத்துக்கு மேல் போகவில்லை. அதற்குக் கீழே செம்மண் புழுதியாகப் பறந்தது. கன்றைத் தூக்கினால், நர்சரிப் பையின் உருவம் கலையாமல் ஒரு களிமண் உருண்டை அப்படியே வந்தது. சுவரில் தட்டினால் செங்கல்போல் சத்தம் கேட்டது. பைக்குள் இருந்த காலத்தில் வட்டம் வட்டமாகச் சுற்றிய வேர்கள் இன்னும் அதே வட்டத்தில்தான் கிடந்தன. இரண்டு மாதத்தில் ஒரு வேர்கூடப் புது மண்ணுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

மேலே சாரல், கீழே பஞ்சம். புதிதாக நட்ட பசுமைமாறா மரங்கள் ஏன் கருகுகின்றன என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தக் குழிக்குள்ளேயே இருந்தது.

வரவு வேரில், செலவு இலையில்

மரத்தின் தண்ணீர்க் கணக்கை முதலில் தராசில் வைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார். தொட்டியில் வளர்ந்த ஒரு சூரியகாந்தியின் மண்ணை மூடிவிட்டு, காலையிலும் மாலையிலும் தொட்டியோடு நிறுத்தார். பகல் 12 மணி நேரத்தில் அந்த ஒற்றைச் செடி சராசரியாக அரைக் கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. குறைந்த எடை முழுவதும் இலை வழியாக ஆவியாகப் போன தண்ணீர். எலுமிச்சை போன்ற பசுமைமாறா மரங்களையும் அவர் நிறுத்துப் பார்த்தார். அவை மற்றச் செடிகளைவிடக் குறைவாகவே நீரை விட்டன. 1727இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்தக் கணக்குகள் இருக்கின்றன.

குறைவாக விடுகின்றன, ஆனால் நிறுத்துவதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலையிலிருந்து ஒரு துளி ஆவியானால், அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து இன்னொரு துளி வர வேண்டும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வேரிலிருந்து இலைநுனி வரை நீர் ஒரே கயிறாக நிற்கிறது. மேலே காற்று இழுக்கிறது, கீழே மண் விட்டுக்கொடுக்கிறது. 1894இல் டிக்சன், ஜோலி என்ற இரு அறிஞர்கள் டப்ளினிலிருந்து இந்த விளக்கத்தைத் தந்தார்கள். கிணற்றில் வாளி இறைப்பதுபோலத்தான். ஆனால் இந்தக் கிணற்றில் கயிறே தண்ணீரால் ஆனது.

கயிறு அளவுக்கு மீறி இழுபட்டால் அறுந்துவிடும். அறுந்த இடத்தில் ஒரு குமிழி புகுந்து, அந்த நுண்குழாய் அடைபட்டுப்போகும். 1966இல் மில்பர்ன், ஜான்சன் ஆகியோர் ஓர் ஆமணக்கு இலையில் அதிர்வை ஒலியாக்கும் கருவியைப் பொருத்தி, இலை வாட வாட ‘டிக்’, ‘டிக்’ என்று சத்தம் வருவதைப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு ‘டிக்’கும் ஒரு குழாயில் நீர்க்கயிறு அறுவதன் ஓசை. நம் தோட்டத்து நெட்டிலிங்கங்களும் ஆடி மாதப் பகல்களில் இப்படித்தான் ஒலித்திருக்கும். கேட்கும் காது நமக்கு இல்லை.

இப்போது வரவுப் பக்கத்துக்கு வருவோம். நீரை உறிஞ்சும் வேலையில் பெரும்பங்கு நாம் கண்ணால் பார்க்கும் தடித்த வேர்களுடையது அன்று. வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால் வெல்வெட் மயிர்போல் படர்ந்திருக்கும் வேர்த்தூவிகளுடையது. 1937இல் டிட்மர் என்ற அமெரிக்கர், பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரைப் பயிரின் வேர்களைக் கழுவி எடுத்து அளந்து கணக்கிட்டார். வேர்களின் மொத்த நீளம் 620 கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் பேருந்து ஏறித் தென்காசியில் இறங்குகிறோமே, ஏறக்குறைய அந்தத் தூரம். வேர்த்தூவிகளோ சுமார் 1,400 கோடி.

இந்தத் தூவிகள் ஒற்றை உயிரணுவின் நீட்சிகள். மண்துகள்களோடு ஒட்டிக்கொண்டு வாழ்பவை. பையைக் கிழிக்கும்போது, உருண்டை உடையும்போது, லாரியில் குலுங்கும்போது, காற்று படும்போது அறுந்துபோகும். நிலத்தில் வளர்ந்த பெரிய மரத்தைத் தோண்டிப் பெயர்த்து நட்டாலோ அதன் வேர்த்தொகுதியில் பத்தில் ஒன்பது பங்கு பழைய குழியிலேயே தங்கிவிடும். இலைகள் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் கூட வருகின்றன. சம்பாத்தியம் நின்றுபோன வீட்டில் சாப்பிடும் வாய்கள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன.

ஆந்திரத்தில் கோதாவரிக் கரையின் கடியம் நர்சரிகளிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஏராளமான கன்றுகள் வருகின்றன. பல நூறு கிலோமீட்டர் லாரிப் பயணம். வேரைச் சுற்றிப் பிசுபிசுத்த களிமண் உருண்டை. அது ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் மறுபடி எளிதில் நனையாது. ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றிக்கொண்டு இளகிய மண்ணின் வழியாகக் கீழே போய்விடும். குழி ஈரமாக இருக்கும், உருண்டைக்குள் வேர் தாகத்தோடு கிடக்கும்.

கணவாய் வழி வரும் தாகம்

இது எல்லா ஊருக்கும் பொதுவான கதை. தென்காசிக்கென்று தனிக்கதை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் காற்று.

தமிழ்நாட்டில் காற்றாலைகள் எங்கெங்கே கூட்டமாக நிற்கின்றன என்று பார்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலையில் கணவாய் இருக்கும் இடங்களுக்கு நேர் கிழக்கே நிற்கும். பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. இவற்றில் செங்கோட்டைக் கணவாயின் வாசலில்தான் தென்காசி உட்கார்ந்திருக்கிறது. கொல்லத்துக்குப் போகும் ரயில் எந்த வழியாக மலையைக் கடக்கிறதோ, அதே ஆரியங்காவு வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்றும் கிழக்கே பாய்கிறது. அகன்ற ஆறு குறுகிய பாலத்துக்கடியில் வேகமெடுப்பதுபோல், கணவாயில் நெருக்குண்ட காற்று வேகமெடுக்கிறது. சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளுக்கு அது அறுவடைக் காலம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை இந்த வட்டாரத்தில் எவரும் மிகையாக நினைப்பதில்லை.

இந்தக் காற்று கேரளச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து தன் ஈரத்தைப் பெருமளவு மழையாகக் கொட்டிவிடுகிறது. சிகரத்தைத் தாண்டித் தப்பி வரும் மேகம் குற்றாலத்தின் மேல் சாரலாக உதிர்கிறது. அங்கிருந்து கிழக்கே சமவெளிக்கு இறங்கும் காற்று, 100 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 1 டிகிரி என்ற கணக்கில் சூடேறுகிறது. சூடேறிய காற்றுக்கு ஈரம் பிடிக்கும் கொள்ளளவு கூடுதல். ஆகவே குற்றாலப் பேரருவியின் முன்னால் சட்டை நனையும் அதே பிற்பகலில், கிழக்கே சில மைல் தள்ளிக் கொடியில் காயும் வேட்டி அரைமணியில் மொடமொடப்பாகிவிடும்.

எண்களில் சொன்னால் இன்னும் தெளிவாகும். 27 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 26 கிராம் அளவுக்கு நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் அந்தக் காற்றில் மிச்சம் இருக்கும் இடம் வெறும் இரண்டரை கிராம் சொச்சம். அருவிக்கரையில் நிற்கும் மரத்தின் நிலைமை இது. 34 டிகிரியில் கொள்ளளவு 37 கிராமைத் தாண்டும். ஈரப்பதம் 45 சதவீதமாக இருந்தால் காற்றின் பசி 20 கிராமுக்கும் மேல். ஒரே இலை, ஒரே வேர். காற்று கேட்கும் தண்ணீர் மட்டும் எட்டு மடங்கு.

இதற்கு மேல் வேகம் வேறு. காற்று அசையாதபோது ஒவ்வொரு இலையையும் ஒட்டி, அது விட்ட ஈரத்தாலேயே ஆன மெல்லிய போர்வை ஒன்று இருக்கும். வேகக் காற்று அந்தப் போர்வையை உருவிக்கொண்டு போய்விடும். வரிசையில் மேற்கைப் பார்த்த இலைகள் முதலில் கருகுவதற்குக் காரணம் இதுதான். நாற்றின் நடுத்தண்டு இறுக்கமாக நிற்காவிட்டால் காற்று அதை ஆட்டி ஆட்டி, முளைத்த ஒன்றிரண்டு புது வேர்த்தூவிகளையும் அறுத்துவிடும்.

சாரல் இதை ஈடுகட்டாதா? கணக்குப் பார்ப்போம். 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஒரு நாள் சாரல் 2 மில்லிமீட்டர் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். உலர்ந்த செம்மண்ணில் ஓரடி ஆழம் நனைய வேண்டுமானால் 35 முதல் 40 மில்லிமீட்டர் தேவைப்படும். சாரலில் ஒரு பங்கு இலையிலேயே தங்கி ஆவியாகிறது, மறுபங்கு மேல்மண்ணை நனைத்துவிட்டு மாலைக்குள் காற்றோடு போகிறது. வேர் இருக்கும் ஆழத்துக்கு எதுவும் இறங்குவதில்லை. அண்ணாச்சி ஊற்றிய ஒரு செம்புத் தண்ணீரும் அப்படித்தான் போனது. சாரல் நம் உடம்புக்குச் சுகம், கண்ணுக்கு அழகு, அருவிக்கு அடையாளம். சமவெளியில் நிற்கும் புது நாற்றின் வேருக்கு அது மழை ஆகாது.

உதிர்வதற்கும் உயிர் வேண்டும்

தண்ணீர் போதாதபோது மரம் என்ன செய்கிறது? முதலில் இலைத்துளைகளை மூடுகிறது. வேர் காய்வதை உணர்ந்ததும் அது அனுப்பும் வேதிச் சேதி இலைக்குப் போய், கதவடைக்கச் சொல்கிறது. அதுவும் போதாவிட்டால், இலையுதிர்க்கும் மரங்கள் அடுத்த முடிவை எடுக்கின்றன. தேக்கைப் பாருங்கள். பச்சையத்தைப் பிரித்து, அதிலிருக்கும் தழைச்சத்தைத் தண்டுக்குள் இழுத்துச் சேமித்து, வெறுமையான இலையை உதிர்த்துவிடும். செலவு நின்றுவிட்டது. மொட்டையாக நின்று நல்ல நாளுக்குக் காத்திருக்கும்.

பசுமைமாறா மரத்தின் இலை வேறு வகை முதலீடு. ஒரு பருவத்துக்கு மேலும் நீடிக்கவேண்டும் என்று தடித்த தோலும் மெழுகுப் பூச்சும் கொடுத்துக் கட்டப்பட்டது. அந்த மரமும் இலை உதிர்க்கும், ஆனால் முறைவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கைவிட்டுப் பிழைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு இல்லை. போதாக்குறைக்கு அதன் இலை உண்மையை எளிதில் காட்டாது. வாசலில் கட்டும் மாவிலைத் தோரணத்தை நினைத்துப் பாருங்கள். மரத்தைவிட்டு அறுபட்ட பிறகும் சில நாள்கள் பச்சையாகத்தான் தொங்குகிறது. கீரையைப் பறித்தால் மாலைக்குள் தலைசாய்கிறது. தடித்த இலை நீரை மெல்ல விடுவதால் சாவும் மெல்லத்தான் முகத்தில் தெரிகிறது. ஆவணியில் நாம் பார்க்கும் கருகல் ஆடியில் நடந்த சங்கதி.

அப்படியானால் ஏன் பழுப்பு? ஏன் மஞ்சள் இல்லை? வாழைப்பூ ஆய்ந்த வீட்டில் இதற்கு விடை இருக்கிறது. ஆய்ந்து நறுக்கிய பூவை மோர் கலந்த நீரில் போடாவிட்டால் சற்று நேரத்தில் கறுத்துவிடும். கத்தரிக்காயும் அப்படியே. உயிரணுவுக்குள் பீனால் வகைப் பொருள்கள் ஓர் அறையிலும், அவற்றோடு வினைபுரியும் நொதி இன்னோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டு அறைச்சுவர் உடைந்தால் இரண்டும் கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பு நிறமாகின்றன. இலை தாகத்தால் திடீரெனச் சாகும்போதும் அறைச்சுவர்கள் உடைகின்றன. மஞ்சள் என்பது மரம் திட்டமிட்டுக் கணக்கு முடித்த இலை. பழுப்பு என்பது கணக்கு முடிக்க நேரம் கிடைக்காத இலை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. இலை உதிர வேண்டுமானால் காம்பின் அடியில் ஒரு பிரிபடலம் உருவாக வேண்டும். அந்த வேலையை உயிருள்ள அணுக்கள்தான் செய்ய முடியும். காற்றில் முறிந்து தொங்கும் மாங்கிளையில் காய்ந்த இலைகள் மாதக்கணக்கில் உதிராமல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உதிர்வதற்கும் உயிர் வேண்டும். புது நாற்றில் கருகிய இலைகள் தாமாகக் கொட்டத் தொடங்கினால், அந்தக் கிளைக்குள் இன்னும் உயிர் இருக்கிறது என்று நம்பிக்கை வைக்கலாம்.

கப்பலில் வந்த பசுமை

பசுமைமாறா மரத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் சிக்கல் குற்றாலத்துக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் ஒரு நறுமணப் பயிர்த் தோட்டம் வைத்திருந்தது. இந்தியாவுக்குக் கிராம்பு மரம் முதன்முதலில் அறிமுகமானது 1800ஆம் ஆண்டையொட்டி, அந்தத் தோட்டத்தில்தான். கிராம்பின் தாயகம் மலுக்குத் தீவுகள். கடல் சூழ்ந்த, ஈரம் குறையாத மண். அந்த மரத்துக்கு இந்தியாவில் ஓர் இடம் தேடியவர்கள், வறண்ட சமவெளியை விட்டுவிட்டு மலையடிவாரத்தின் நிழலுக்கும் சாரலுக்கும் வந்து சேர்ந்தார்கள். 1850க்குப் பிறகு கிராம்புச் சாகுபடி நீலகிரிக்கும் தென் திருவிதாங்கூருக்கும் பரவியது. தென்காசிப் பொட்டலுக்கு அது வரவில்லை. சாரல் விழும் மலைமடிக்கும் சாரல் எட்டிப்பார்க்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாட்டைக் கிராம்பு அன்றே காட்டிவிட்டது.

அந்தக் காலத்தில் கப்பல் மேல்தளத்தில் வைத்துக் கொண்டுவந்த நாற்றுகளில் பெரும்பாலானவை உப்புக்காற்றில் கருகிச் செத்தன. இதற்கு வழி தற்செயலாகக் கிடைத்தது. 1829இல் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு ஓர் அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிக் குப்பியில் வைத்தார். பூச்சியைவிட அவர் கண்ணை ஈர்த்தது, அந்த மண்ணில் தானாக முளைத்த ஒரு பெரணிச் செடி. லண்டன் புகையில் வாடிப்போகும் அந்தச் செடி, மூடிய குப்பிக்குள் தன் ஈரத்தையே திரும்பத் திரும்பக் குடித்து வாழ்ந்தது. 1833இல் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை அடைத்து சிட்னிக்குக் கப்பலேற்றினார். மாதக்கணக்கான கடற்பயணம் முடிந்தும் செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. பின்னாளில் சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இமயமலைச் சரிவுக்கு வந்ததும் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான்.

வார்டின் பெட்டி வேருக்குப் புதிதாக ஒன்றும் தரவில்லை. இலையிடமிருந்து காற்று பிடுங்குவதைத் தடுத்தது, அவ்வளவுதான். இன்றைய நர்சரியின் நிழல்வலைக் குடிலும் பனிப்புகைக் கூடாரமும் அதே பெட்டியின் வாரிசுகள். அந்தச் சொகுசில் வளர்ந்த மெல்லிலைக் கன்றை நேராக ஆடிக்காற்றில் கொண்டுபோய் நிறுத்துவது, ஓடும் கப்பலில் பெட்டியைத் திறந்துவிடுவதற்குச் சமம்.

தண்ணீருக்குள்ளும் தாகம்

கருகிய எல்லா மரமும் தண்ணீர் போதாமல் கருகியதென்று முடிவுகட்டிவிடக் கூடாது. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மண்ணிலோ, அடியில் பாறையோ சுக்கானோ இருக்கும் இடத்திலோ குழி வெட்டினால் அது ஒரு தொட்டியாகிவிடும். ஊற்றும் தண்ணீர் வடியாமல் நிற்கும். வேருக்கும் மூச்சு உண்டு. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தைவிட நீரில் பரவும் வேகம் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. மூச்சு முட்டிய வேர் நீரை உள்ளே விடும் வாயில்களை மூடிக்கொள்கிறது. தண்ணீருக்குள் நின்றபடியே மரம் தாகத்தால் வாடுகிறது. வாடுகிறதே என்று மேலும் ஊற்றுகிறோம். இதற்கு எளிய சோதனை: நடுவதற்கு முந்தின மாலை குழியில் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அங்கே குழி வேண்டாம், மேடு கட்டி நடுங்கள்.

அடுத்தது உப்பு. மாவடுவை உப்பில் போட்டால் என்ன ஆகிறது? இரண்டே நாளில் தண்ணீர் விட்டுச் சுருங்கிவிடுகிறது. மக்காத சாணத்தையும் கைநிறைய யூரியாவையும் குழியில் போட்டு நட்டால் வேருக்கும் அதே கதி. உப்புச் செறிவு வெளியே கூடும்போது நீர் வேரைவிட்டு வெளியேறுகிறது. உப்புத்தன்மையுள்ள போர்வெல் தண்ணீரும் நாளடைவில் இதையே செய்யும். உப்பு இலையின் கடைக்கோடியில் போய்ச் சேர்வதால் கருகல் நுனியிலும் விளிம்பிலும் ஒரே சீரான கோடாகத் தெரியும்.

வரிசை முழுக்க நன்றாக இருக்க, ஒற்றை மரம் மட்டும் திடுமெனக் காய்ந்தால் அடித்தண்டைக் கிளறிப் பாருங்கள். செம்மண்ணில் அது பெரும்பாலும் கரையான். சைப்ரஸ் வகையில் உள்பக்கத்துப் பழைய இலைகள் மட்டும் பழுப்பானால் அது மூப்பு, நோயில்லை. ஆனால் அந்த இனங்கள் குளிர்நாட்டுப் பழக்கமுள்ளவை. முழுக்கக் காய்ந்த கிளையிலிருந்து மறுபடி துளிர்ப்பது அவற்றுக்கு அரிது. நம் சமவெளி வேலிக்கு அவற்றைத் தேர்ந்தெடுக்காமலிருப்பதே நல்லது.

கிளுவை கற்றுத்தரும் பாடம்

நம் முன்னோர் வைத்த உயிர்வேலி எப்படிப்பட்டது? கிளுவை. முள்ளுள்ள கிளுவைப் போத்துகளை வெட்டி வரிசையாக ஊன்றுவார்கள். வேர் கிடையாது, இலையும் கிடையாது. வெறும் குச்சி. அது முதலில் தண்டில் வைத்திருக்கும் சேமிப்பைக்கொண்டு வாழும், வேர்விடும், அதற்குத் தக்கபடி இலைவிடும். கோடை வந்தால் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். முருங்கைப் போத்தும் பூவரசும் இதே வழி. வரவுக்குள் செலவு என்ற ஒழுக்கம் அவற்றின் பிறவிக்குணம். எப்போதும் பச்சை வேண்டும் என்று நாம் நெட்டிலிங்கத்துக்கும் சவுக்குக்கும் மாறியபோது, அந்த ஒழுக்கத்தை நாம்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, காலம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது விதைக்குச் சொன்னது. விதை தான் விழுந்த இடத்திலேயே வேரை முதலில் இறக்கி, பிறகுதான் இலையைக் காட்டுகிறது. இலையோடு வரும் நாற்றுக்கு ஐப்பசிதான் பட்டம். வடகிழக்குப் பருவமழை வேர் ஆழத்துக்கு இறங்கும். கார்த்திகை, மார்கழியில் வெயிலும் காற்றும் அடங்கியிருக்கும். அடுத்த ஆனிக்காற்று வருவதற்குள் வேருக்கு ஏழெட்டு மாதம் கிடைக்கும்.

இரண்டாவது, உருண்டை. நடுமுன் கன்றைப் பையோடு வாளித்தண்ணீரில் முக்கி வையுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை எடுக்காதீர்கள். கடைசிக் குமிழி வந்தபோதுதான் உள்வேர் நனைந்தது என்று பொருள். பையை முழுவதும் கிழித்தெடுத்து, சுருண்ட வேர்களை விரலால் பிரித்துவிட்டு நடுங்கள். தண்ணீரை முதல் சில வாரம் உருண்டையின் மேலேயே, ஒருநாள் விட்டு ஒருநாள், நிதானமாக ஊற்றுங்கள். பிறகு நாள் இடைவெளியைக் கூட்டி, ஆழமாக நனையுங்கள். தினம் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். நாற்றருகே ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நிரப்பி வைக்கும் பானைப்பாசனம் இந்த வறண்ட பக்கத்துக்கு மிகப் பொருத்தம். மண்ணுக்கு மேலே சருகோ, கரும்புத்தோகையோ, தேங்காய் மட்டையோ மூடாக்காகப் போடுங்கள். தண்டை மட்டும் மூடாமல் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, காற்று. மேற்கே பனையோலைத் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்கள். முழுச் சுவரைவிடப் பாதிக்காற்றை விடும் தட்டியே நல்ல தடுப்பு. சுவரில் மோதிய காற்று மேலேறிப் பின்னால் சுழன்று இறங்கும். இடைவெளியுள்ள தடுப்பில் காற்று வேகமிழந்து போகும், தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம்வரை அதன் நிழல் இருக்கும். வாழைத்தோட்டத்துக்கு மேற்கே சவுக்கு வரிசை வைப்பதன் தத்துவமும் இதுவே. கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் காற்றுத் தடுப்புக்கென்றே சவுக்கு ரகங்களை உருவாக்கித் தந்திருக்கிறது.

அண்ணாச்சியின் தோட்டத்துக்குத் திரும்புவோம். எல்லாவற்றையும் பிடுங்கிப்போட ஆள் சொல்லியிருந்தார். ஒவ்வொரு மரத்தின் தண்டிலும் நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்போம் என்றேன். சில தண்டுகளில் பட்டைக்குக் கீழே காய்ந்த மரத்தூள் நிறம். அவை போய்விட்டன. பெரும்பாலானவற்றில் ஈரமான பச்சைக் கோடு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அவர் குனிந்து தானும் கீறிப் பார்த்தார். அடுத்த மரத்தில் கீறினார். பிறகு ஒன்று விடாமல் வரிசை முழுவதும் கீறிக்கொண்டே போனார்.

தட்டி கட்டினோம், உருண்டைகளைக் கம்பியால் குத்தி நனைத்தோம், மூடாக்குப் போட்டோம். ஐப்பசி மழை வந்தது.

தை பிறந்த பிறகு ஒருநாள் அவரிடமிருந்து போன். “தம்பி, மறுபடியும் பழுப்படிக்கி. வந்து பாருங்க.” போய்ப் பார்த்தேன். தூரத்தில் வரிசை முழுக்கச் செம்புப் பழுப்பு மினுங்கியது. அவர் பக்கத்தில் போய் ஓர் இலையைத் தொட்டார். நொறுங்கவில்லை. பட்டுத்துணிபோல் குழைந்தது. நெட்டிலிங்கத்தின் தளிர் செம்பு நிறத்தில்தான் பிறக்கும். பச்சையம் முழுதாகச் சேரும்வரை இளந்தளிரை வெயிலிலிருந்து காக்கும் நிறமி அது.

அவர் அந்த இலையை விடவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்தபடி, அடுத்த ஆனிக்குள் தட்டியை இன்னும் இரண்டடி உயர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.